போபால் மண்ணின் கடனை யார் தீர்ப்பது?

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் போபால் மக்களை நினைவுகூர்கிறோம். 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் நச்சுவாயு வெளியேறியது. உறக்கத்திலிருந்த ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 5 லட்சத்து 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. இவை நாம் அறிந்தவை. இன்று நான் பேசவிருப்பது அந்த இரவைப் பற்றியன்று. அந்த ஆலை நின்ற நிலத்தைப் பற்றி.

ஏன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும்? 2025-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளுடன் போபாலின் நச்சுக்கழிவு எரித்து முடிக்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. நாற்பதாண்டுக் கறை துடைக்கப்பட்டுவிட்டது என்று ஆட்சியாளர்கள் பெருமை கொண்டனர். செய்தியைப் படித்த நம் தோழர்களுள்ளும் சிலர் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். எரிக்கப்பட்டது எவ்வளவு, எஞ்சியிருப்பது எவ்வளவு என்னும் கணக்கை முதலில் பார்ப்போம்.

எரிக்கப்பட்டது 337 டன். ஆலை வளாகத்திலிருந்து 2005-ஆம் ஆண்டில் திரட்டிக் கிடங்கு ஒன்றில் வைக்கப்பட்டிருந்த கழிவு அது. ஆனால் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, அவ்வளாகத்தில் மாசுபட்டுக் கிடக்கும் மண்ணின் அளவை 11 லட்சம் டன் என்று மதிப்பிட்டுள்ளது. 11 லட்சம் டன்னோடு ஒப்பிட்டால் 337 டன் என்பது பத்தாயிரத்தில் மூன்று பங்கு. இந்த மூன்று பங்கை எடுத்துச் சென்றதையே தூய்மை என்கிறார்கள். மண்ணும், அதன் கீழுள்ள நீரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

தோழர்களே, இரண்டு குற்றங்களை நாம் பிரித்தறிய வேண்டும். வாயுக் கசிவு ஒரு குற்றம். மண்ணும் நீரும் நஞ்சானது வேறொரு குற்றம். இரண்டும் ஒரே ஆலையில், ஒரே முதலாளியால் இழைக்கப்பட்டவை. எனினும் முதற்குற்றம் ஓர் இரவில் நிகழ்ந்தது. இரண்டாவது குற்றம் பதினைந்து ஆண்டுகள் நாள்தோறும் நிகழ்ந்தது. 1969-இல் ஆலை தொடங்கப்பட்டது முதல் 1984 வரை, உற்பத்தியின்போது எஞ்சிய கழிவுகள் வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டப்பட்டன. 1977-இல் ஆலைக்கு வடக்கே சூரிய ஆவியாக்கக் குளங்கள் என்ற பெயரில் பெருங்குளங்கள் வெட்டி, கழிவுநீரை அவற்றில் விட்டார்கள். வெயிலில் நீர் ஆவியாகும், நஞ்சு அடியில் தங்கும் என்பது திட்டம். அடியில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பு கசிந்தது. குளங்கள் கசிகின்றன என்ற செய்தி 1982-இலேயே நிறுவனத்தின் உள்தகவல்களில் இடம்பெற்றிருந்தது. 1989-இல் நிறுவனம் தானே செய்த சோதனையில் அவ்வளாகத்து நீர் மாதிரிகளில் விட்ட மீன்கள் செத்து மிதந்தன என்பதைப் பின்னாளில் அமெரிக்க வழக்குகளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. அதாவது, அந்த இரவில் வாயுவே கசியாதிருந்தாலும் அந்த நிலம் நஞ்சாகவே இருந்திருக்கும். இதனை விபத்து என்று சொல்ல இயலாது. அது உற்பத்திச் செலவைக் குறைக்கும் முறை. கழிவைத் தூய்மைப்படுத்தும் செலவை நிறுவனம் மண்ணின் தலையிலும், மண்ணின்மேல் வாழும் ஏழைகளின் தலையிலும் சுமத்தியது.

முதலாளித்துவ உற்பத்தி செல்வத்தின் இரு மூலங்களாகிய மண்ணையும் உழைப்பாளியையும் ஒருசேர உறிஞ்சியே வளர்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் கூறியிருப்பதை நாம் வகுப்புகளில் பலமுறை படித்திருக்கிறோம். அவர் அங்கே பேசியது வேளாண் நிலத்தின் வளத்தைப் பற்றி. போபாலில் அந்த உறிஞ்சல் ஆலைச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்தது.

ஆலைச் சுவரையொட்டி அடல் அயூப் நகர், அன்னு நகர், புளூமூன் காலனி போன்ற குடியிருப்புகள் உள்ளன. கூலித் தொழிலாளரும், வீட்டு வேலை செய்யும் பெண்களும், பீடி சுற்றுவோரும் வாழும் இடங்கள் இவை. வாயுவால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல. பின்னர் மலிவான இடம் தேடிக் குடியேறிய குடும்பங்கள் பல. இவர்கள் ஆண்டுக்கணக்கில் கைப்பம்பு நீரைக் குடித்தார்கள். நீரில் நாற்றம் வீசுகிறது, நுரை வருகிறது என்று மக்கள் சொன்னபோது அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. 1999-இல் கிரீன்பீஸ் அமைப்பு எடுத்த மாதிரிகளில் பாதரசமும் குளோரின் கலந்த கரைப்பான்களும் கண்டறியப்பட்டன. 2009-இல் தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் நடத்திய ஆய்வு வளாகத்துக்கு வெளியேயும் நிலத்தடி நீரில் பூச்சிக்கொல்லி எச்சங்களைக் கண்டது. பாதுகாக்கப்பட்ட குடிநீர் வழங்க வேண்டுமென்று 2004-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணையைச் செயல்படுத்தவும் மக்கள் மீண்டும் மீண்டும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிற்கால ஆய்வுகளின்படி மாசு பரவிய குடியிருப்புகளின் எண்ணிக்கை 42 ஆயிற்று. நிலத்தடி நீர் நகர்கிறது. அதனுடன் நஞ்சும் நகர்கிறது. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாசுபட்ட பரப்பு விரிகிறது.

இந்த மண்ணுக்குப் பொறுப்பு யார்? இக்கேள்வியிலிருந்து மூலதனம் தப்பிய வழியை நாம் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அதே வழி நாடெங்கும் மூடப்படும் ஆலைகளில் பின்பற்றப்படுகிறது.

போபால் ஆலையை நடத்திய இந்தியக் கம்பெனியின் பங்குகளில் 50.9 விழுக்காடு அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கார்ப்பரேஷனிடம் இருந்தது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது. 1994-இல் அமெரிக்க நிறுவனம் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. அந்த இந்தியக் கம்பெனி எவரெடி இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆலை நின்றது குத்தகை நிலம். 1998-இல் அந்தக் குத்தகை நிலம் மத்தியப் பிரதேச அரசிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அரசும் பெற்றுக்கொண்டது. 2001-இல் டௌ கெமிக்கல் நிறுவனம் யூனியன் கார்பைடை முழுமையாக வாங்கியது. ‘அந்த ஆலையை நாங்கள் நடத்தவில்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்பதே அன்றுமுதல் டௌவின் நிலைப்பாடு. யூனியன் கார்பைடின் சொத்துகள் டௌவுக்குச் சென்றன. கடன் மட்டும் செல்லவில்லையாம். நிலத்தூய்மை கோரிப் போபால் மக்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகளும் தள்ளுபடியாயின.

இந்திய நீதிமன்றத்தில் என்ன நடந்தது? கூடுதல் இழப்பீடாக 7,844 கோடி ரூபாய் கோரி ஒன்றிய அரசு தாக்கல் செய்த மறுசீராய்வு மனுவை 2023 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தள்ளுபடி செய்தது. சுற்றுச்சூழல் சேதமும் அம்மனுவில் ஒரு பகுதியாக இருந்தது. 1989-ஆம் ஆண்டின் உடன்பாட்டை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் திறக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். வாயுக் கசிவுக்கான உடன்பாடு, பதினைந்தாண்டுக் காலம் மண்ணில் கொட்டிய நஞ்சுக்கும் ரசீது ஆகுமா? மக்கள் இயக்கங்கள் தொடர்ந்து எழுப்பிவரும் இக்கேள்வியை நாமும் எழுப்ப வேண்டும்.

இதனை அமெரிக்காவின் சொந்த வரலாற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் நயாகரா நீர்வீழ்ச்சி நகருக்குள் லவ் கனால் என்றொரு பகுதி உண்டு. அங்கே ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1940-களில் தொடங்கி ஏறத்தாழ 21 ஆயிரம் டன் வேதிக்கழிவைப் பழைய கால்வாய் ஒன்றில் புதைத்தது. 1953-இல் அந்நிலத்தை ஒரு டாலர் விலைக்குப் பள்ளி வாரியத்திடம் தள்ளிவிட்டது. பள்ளி எழுந்தது, வீடுகள் எழுந்தன, 1970-களில் நஞ்சு வீடுகளின் அடித்தளத்தில் ஊறியது. அப்பகுதித் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் போராடினார்கள். அப்போராட்டத்தின் விளைவாக 1980 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் எனப்படும் சட்டம் வந்தது. மாசுபடுத்தியவர் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும், நிலத்தை விற்றுவிட்டாலும், தூய்மைப்படுத்தும் செலவுக்குப் பொறுப்பு என்றது அச்சட்டம். போபாலின் வாயுக் கசிவுக்கு நான்காண்டுகள் முன்பே, யூனியன் கார்பைடின் தாய்நாட்டில் இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. அந்நாட்டில் அந்நிறுவனம் கட்டுப்பட்டிருந்த நெறி இந்நாட்டு மண்ணுக்குப் பொருந்தவில்லை. ஏகாதிபத்தியம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இனி 337 டன்னின் பயணத்துக்கு வருவோம்.

2012-இல் அக்கழிவை ஜெர்மனிக்கு விமானத்தில் கொண்டுசென்று எரிக்க ஒரு திட்டம் பேசப்பட்டது. ஜெர்மானிய மக்கள் எதிர்த்தனர். அந்நாட்டு நிறுவனம் விலகிக்கொண்டது. பிறகு அரசின் பார்வை தார் மாவட்டத்துப் பீதம்பூர் மீது விழுந்தது. நூற்றுக்கணக்கான ஆலைகளும் பல்லாயிரம் தொழிலாளரும் கொண்ட தொழில்நகர் அது. 2015-இல் 10 டன் கழிவு அங்கே சோதனையாக எரிக்கப்பட்டது. 2024 டிசம்பர் 3 அன்று, நான்கு வாரத்துக்குள் கழிவை அகற்ற வேண்டுமென்று மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 ஜனவரி முதல் நாள் இரவு 12 கண்டெய்னர் லாரிகள் காவல்துறைப் பாதுகாப்புடன் புறப்பட்டு, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து பீதம்பூர் சேர்ந்தன. மறுநாளே அந்நகர மக்கள் தெருவில் திரண்டனர். எதிர்ப்புப் போராட்டத்தில் இருவர் தீக்குளிக்க முயன்று காயமுற்றனர். ஜெர்மானிய மக்களின் அச்சம் மதிக்கப்பட்டது. பீதம்பூர்த் தொழிலாளரின் அச்சத்துக்குக் கிடைத்தது தடியடி.

எரித்தபின் நஞ்சு மறைந்துவிட்டதா? சுண்ணாம்பு முதலியவை சேர்த்து எரித்ததால் 800 டன்னுக்கும் மேற்பட்ட சாம்பலும் எச்சமும் எஞ்சின. 337 டன் கொண்டுசென்றார்கள். அதைவிடக் கூடுதலான எடையைப் புதைக்க இடம் தேடினார்கள். கரிமச் சேர்மங்களை உயர்வெப்பம் சிதைக்கும். ஆனால் பாதரசம் போன்ற உலோகத்தை எந்த நெருப்பும் அழிக்காது. அது சாம்பலில் இருக்கும், அல்லது புகையில் செல்லும். எரியுலைக்கு அருகிலுள்ள தாராபுரா கிராமத்து மக்கள் இதைக் கேட்பதில் என்ன தவறு?

கட்சி ஆவணங்களைத் தமிழாக்குபவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். கழிவை ‘அப்புறப்படுத்துதல்’ என்று எழுதுகிறோம். அப்புறம் என்றால் அந்தப் பக்கம். அப்புறப்படுத்துதல் என்றால் நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளுதல். அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அச்சொல் கேட்பதில்லை. போபாலில் நடந்தது அப்புறப்படுத்தல். ‘நில மீட்பு’ என்பது வேறு. மீட்பு என்றால் அடமானம் வைத்த பொருளைக் கடன் தீர்த்துத் திரும்பப் பெறுதல். நம் கோரிக்கை இரண்டாம் சொல்லுக்கு உரியது. நம் அறிக்கைகளிலும் முழக்கங்களிலும் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது.

நில மீட்பு இயலாத காரியம் என்று சிலர் கூறுவர். அறிவியல் அவ்வாறு கூறவில்லை. முதற்பணி அளவிடுதல்: வளாகம் முழுவதும் துளையிட்டு, எந்த ஆழத்தில் எந்த நஞ்சு, நிலத்தடி நீர் எந்தத் திசையில் செல்கிறது என்று வரைபடம் தீட்ட வேண்டும். அடுத்தது மூலத்தை எடுத்தல்: கழிவு புதைத்த குழிகளைத் தோண்டி, கசியாத கலன்களில் பாதுகாக்க வேண்டும். மூன்றாவது மண்ணைத் தூய்மையாக்குதல்: மூடிய கலனில் மண்ணைச் சூடேற்றி நஞ்சை ஆவியாக்கிப் பிடிக்கலாம், சிலவகைக் கரிமச் சேர்மங்களை நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைக்கலாம், இயலாத பகுதியைத் தடுப்புச்சுவர் கட்டி மூடலாம். நான்காவது நீரைத் தூய்மையாக்குதல்: நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும், இதற்குப் பல்லாண்டுகள் ஆகும். வழி தெரியாமையால் எதுவும் நின்றுவிடவில்லை. செலவை யார் ஏற்பது என்பதில்தான் எல்லாம் நிற்கின்றன.

எவ்வளவு தூய்மை போதும் என்பதும் அரசியல் கேள்வியே. தமிழ்நாட்டுத் தோழர்கள் கொடைக்கானலை அறிவார்கள். அமெரிக்காவில் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை 1980-களில் அங்கே கொண்டுவரப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. மக்கள் போராட்டத்தால் 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு 2016-இல்தான் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்பதில் நெடுங்காலம் போராட்டம் நடந்தது. 20 மில்லிகிராம் போதுமென்றது நிறுவனம். கீழே பாம்பாறுச் சோலைக்காடு இருக்கிறது, அந்த அளவு போதாது என்றனர் மக்கள் அமைப்புகள். கொடைக்கானல் நமக்கு இரண்டு பாடம் தருகிறது. கழிவை அனுப்பியவனிடமே திருப்பி அனுப்ப முடியும் என்பது ஒன்று. அளவுகோலை நிர்ணயிக்கும் மேசையில் மக்கள் இல்லையேல் செலவு குறைந்த அளவுகோலே அறிவியலாகிவிடும் என்பது மற்றொன்று.

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. ராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்துப் பிச்சடி கிராமத்தில் ‘எச் அமிலம்’ தயாரித்த ஆலைகள் கிணற்று நீரையெல்லாம் நிறம் மாற்றிக் கெடுத்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டுமென்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 37.385 கோடி ரூபாயைக் கூட்டுவட்டியுடன் கட்டுமாறு 2011-இல் அதே நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. பதினைந்தாண்டுகள் மனுக்கு மேல் மனுப் போட்டே காலம் கடத்தினார்கள். தீர்ப்பு எளியோர் பக்கம் வந்தாலும் காலம் பணக்காரர் பக்கமே நிற்கிறது.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசுபட்ட நிலங்களின் மேலாண்மைக்கெனத் தனி விதிகளை அறிவித்துள்ளது. சந்தேகத்துக்குரிய நிலங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடும், அதன்பின் விரிவான ஆய்வும் செய்ய வேண்டும். பொறுப்பாளியைக் கண்டறிந்து செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஓட்டைகளைக் கவனியுங்கள். சுரங்க மாசு, கதிரியக்கக் கழிவு, குப்பைக்கிடங்கு ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. தூய்மைப் பணியை எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லை. பொறுப்பாளி கிடைக்காவிட்டாலோ, செலவழிக்க இயலாதவராயினோ சுமை அரசுக் கருவூலத்தின் மேல், அதாவது மக்கள்மேல் விழுகிறது. நாட்டில் இதுவரை அடையாளம் காணப்பட்ட மாசு நிலங்கள் 103. தூய்மைப் பணி தொடங்கியவை 7 மட்டுமே.

தோழர்களே, இது போபாலோடு முடியும் செய்தியன்று. நாடெங்கும் பழைய ஆலைகள் மூடப்படுகின்றன. பொதுத்துறை நிலங்கள் பணமாக்கல் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஆலை நின்ற இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுகிறது. வேலை இழந்த தொழிலாளிக்கு நிலுவைத்தொகை கிடைக்கவில்லை என்று நாம் போராடுகிறோம். அந்த ஆலை மண்ணுக்கு வைத்துப்போன நிலுவையையும் அதே கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே முதலாளியின் ஒரே கடன்.

எனவே நமது கடமைகளைத் தொகுத்துக் கூறுகிறேன்.

முதலாவதாக, போபால் வளாகத்தின் மண், நீர் முழுமைக்குமான விரிவான ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவு இந்தியிலும் உருதுவிலும் அக்குடியிருப்புகளின் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தூய்மைச் செலவை டௌ கெமிக்கலும் யூனியன் கார்பைடும் ஏற்கச் செய்ய ஒன்றிய அரசு சட்டவழியிலும் அரசுறவு வழியிலும் முயல வேண்டும். தூய்மையாக்காத மண்ணின்மேல் நினைவுச்சின்னம் எழுப்புவது மாண்டோர்க்குச் செய்யும் மரியாதையாகாது.

இரண்டாவதாக, ஓர் ஊரின் நஞ்சை இன்னோர் ஊரின் தொழிலாளர் தலையில் கொட்டுவதை ஏற்கலாகாது. போபால் மக்களும் பீதம்பூர் மக்களும் எதிரெதிர்த் தரப்பினர் அல்லர். அவர்களை எதிரெதிரே நிறுத்துவது ஆளும் வர்க்கத்துக்கு வசதி. இருவரையும் ஒரே மேடையில் நிறுத்துவது நம் பணி.

மூன்றாவதாக, தூய்மைப் பணியில் இறங்கும் தொழிலாளர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்குப் பாதுகாப்பு உடை, முகமூடி, தொடர் மருத்துவப் பரிசோதனை, அதன் ஆவணம், பிற்காலத்து நோய்க்கான இழப்பீட்டு உரிமை ஆகியவை எழுத்தில் வேண்டும். பழைய மாசை அகற்றப் புதிய பலிகளைத் தேடலாகாது.

நான்காவதாக, ஒவ்வொரு தொழிற்பகுதிக் கிளையும் தன் எல்லைக்குள் மூடப்பட்ட ஆலைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். என்ன தயாரித்தார்கள், கழிவை எங்கே கொட்டினார்கள் என்பதை ஓய்வுபெற்ற தொழிலாளரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அவர்கள் நினைவிலிருப்பதை அவர்கள் வாழ்நாளிலேயே எழுதி வாங்குங்கள். புதிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்திடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் அதை மனுவாக அளியுங்கள். மண் பரிசோதனை முடியாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதிக்கக் கூடாது என்று கோருங்கள்.

நாற்பத்தோர் ஆண்டுகளாகப் போபால் பெண்கள் தில்லிக்குப் பலமுறை நடந்தே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைப் பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள்: ஒரு குடிநீர்க் குழாய், ஒரு நீதிமன்ற ஆணை, ஓர் ஆய்வறிக்கை. எதுவும் தானாக வந்ததில்லை. 11 லட்சம் டன் மண்ணும் தானாகத் தூய்மை பெறாது. அக்கடனை உரியவர் கட்டும்வரை அதை நினைவூட்டிக்கொண்டே இருப்பதும், நம் ஊர்களில் அப்படியொரு கடன் சத்தமின்றி எழுதப்படாமல் தடுப்பதும் நம் பொறுப்பாகும்.